கொள்ளுப்பாட்டன் பெயருக்கு ஒரு விண்ணப்பம்

கிள்ளான்,
ஆகஸ்டு 2006

தேசியப் பதிவிலாகாத் தலைமை இயக்குநர் அவர்கள் சமூகத்துக்கு,

என் தகப்பனார் காலத்து வழக்கப்படி 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கித்தான் இவ்விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அரச பட்டங்களையும் கௌரவ விருதுகளையும் குழந்தைகளுக்குப் பெயராகச் சூட்டலாகாது என்று தங்கள் இலாகா அண்மையில் அருளிய உபதேசம் பேனா ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவுக்கு வந்தமையால், ஒரு மகாராஜாவும் ஒரு ராஜாவும் அடங்கிய அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வெறுமனே 'ஐயா' என்று விளிப்பதே உசிதம் என்று துணிந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் என் மகனுக்குச் சென்ற மாதம் ஓர் ஆண் மகவு பிறந்தது. முப்பதாம் நாள் தொட்டில் போடுவதற்குள் பெயரைத் தீர்மானித்தாக வேண்டும்; அதில் பழமையின் கம்பீரம் இருக்க வேண்டும், ஆனால் வகுப்பில் அதே பெயரில் இன்னொரு பையன் இருக்கக் கூடாது என்பது மருமகள் விதித்த நிபந்தனை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாயிருந்து, பெரிய குமார், சின்னக் குமார், மூலைக் குமார் என்று பிள்ளைகளைப் பிரித்தறிந்து காலந்தள்ளிய எனக்கு அந்த நிபந்தனை நியாயமாகவே பட்டது. எண்கணித நிபுணர் ஒருவர் ஐம்பது வெள்ளி தட்சிணை பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்த பெயர்களோ எந்த அகராதியிலும் இல்லாதவை. ஆகையால் எந்த இலாகாவின் பட்டியலிலும் அகப்படாதவை என்ற ஒரு சிறப்பு அவற்றுக்கு உண்டு.

முதலில் என் மனத்தில் எழுந்தது கடாரங்கொண்டான். 1025ஆம் ஆண்டளவில் இக்கடற்பக்கம் மரக்கலம் செலுத்திய இராஜேந்திர சோழனின் விருதுப் பெயர் அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை, வகுப்பில் இன்னொருவன் இருக்க வழியே இல்லை. ஆயினும் கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலமாகையால், பையன் வளர்ந்து அலோர் ஸ்டாரில் உத்தியோகம் கிடைத்துப் போக நேர்ந்தால் வீட்டு வாடகை பேசுவதே சங்கடமாகிவிடும் என்று அதைக் கைவிட்டேன்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ; பாட்டன் பெயரைத் தரித்தவன் என்பது தாத்பரியம். அம்முறைப்படி என் பெயரே அவனுக்கு உரியது. ஆனால் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லாத மரபில் வளர்ந்த என் மருமகள், பிள்ளையை அதட்ட நேரும்போதெல்லாம் வாயடைத்து நிற்க வேண்டியதாகும். அதன் சௌகரியத்தைக் கண்டுகொள்ளப் பிள்ளைக்கு இரண்டு வயதே போதும். ஆகவே ஒரு தலைமுறை மேலேறி, என் தகப்பனார் பெயரைப் பிரஸ்தாபித்தேன். கருப்புசாமி.

என் மகன் ஒன்றும் பேசாமல் ஜூலை மாதத்துப் பத்திரிகை ஒன்றை எடுத்துவந்து என் முன் விரித்தான். விலங்கு, பூச்சி, கனி, காய்கறி, நிறம் ஆகியவற்றின் பெயர்களும், எண்களும், ஜப்பானியக் கார்களின் பெயர்களும் குழந்தைகளுக்கு ஆகா என்றும், ஹிட்லரும் 007உம் கூடா என்றும், சீனர்களிடையே நாறும் தலை, பாம்பு, கூனன், போக்கிரி என்றெல்லாம் பொருள்படும் பெயர்கள் விலக்கத்தக்கன என்றும் கண்ட அந்த வரிசையில், இந்துக்களின் பங்காக, 'கறுப்புக் கடவுள்' என்ற பொழிப்புரையோடு வீற்றிருந்தது கருப்புசாமி. ஆயுளில் ஒரு நாளும் நாற்காலியில் உட்கார்ந்தறியாத என் தகப்பனாரை ஹிட்லருக்கும் ஜேம்ஸ் பாண்டுக்கும் சமதையாக ஒரே பலகையில் உட்கார்த்தி வைத்த தங்கள் இலாகாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

ஆட்சேபணைக்குரிய பெயரைப் பதிய மறுக்கும் அதிகாரத்தை 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பதிவாளருக்கு அளித்திருப்பதை அறிவேன். குழந்தை கேலிக்கு ஆளாகக் கூடாதென்னும் கருணையையும் மெச்சுகிறேன். ஐஸ்லாந்து தேசத்தில் 1991 முதல் இதற்கென்றே ஒரு குழு இருந்து, புதுப் பெயர் ஒவ்வொன்றும் அந்நாட்டு இலக்கணப்படி வேற்றுமை உருபு ஏற்குமா என்று சோதித்த பிறகே அனுமதிக்கிறதாம். படித்தபோது இலக்கண ஆசிரியனாகிய எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கருப்புசாமி எட்டு வேற்றுமையையும் நோகாமல் ஏற்கும். விளி வேற்றுமையில் நீட்டிக் கூப்பிட்டால் நாலு லயம் தள்ளிக் கேட்கும். எண்கணிதர் தந்த பெயர்கள் இரண்டாம் வேற்றுமையிலேயே மூச்சடைத்துப்போகின்றன.

ஆனால் ஐயா, விதி என்று வந்துவிட்டால் அதைப் பாதியில் நிறுத்துவது அழகன்று. எண் ஆகாதெனில் ஏழுமலையும் ஆறுமுகமும் நவரத்தினமும் என்ன ஆவார்கள்? கனி ஆகாதெனில், 'பழம் நீ' என்று முருகனைத் தேற்றிய கதையிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் பழனிசாமிகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்களே! விலங்கு ஆகாதெனில் நாகப்பன், கஜேந்திரன், நரசிம்மன் மூவரும் போக, நாகரிகப் பெற்றோர் இக்காலத்தில் விரும்பிச் சூட்டும் அஸ்வினும் குதிரையின் அடியாகப் பிறந்த சொல்லே. சங்கப் புலவர்களில் நாகனாரும் காக்கைபாடினியாரும் தங்கள் முகப்பில் வந்து நின்றிருந்தால் செய்யுளோடு திரும்பிப் போயிருக்க வேண்டியதுதான். பஞ்சவர்ணம் என்ற என் அத்தையின் பெயரிலோ எண்ணும் நிறமும் கூட்டுக் குற்றவாளிகளாய் நிற்கின்றன. காய்கறியில் மட்டும் எங்கள் முன்னோர் சிக்கனமாயிருந்துவிட்டார்கள். ஜப்பானியக் கார்களை மாத்திரம் சுட்டி உள்நாட்டுக் கார்களை விட்டுவைத்ததில் தேசாபிமானம் தொனிக்கிறதென்று மகிழ்ந்து, பெரொடுவா கஞ்சிலைப் பற்றிச் சிறிது யோசித்தேன். கஞ்சில் சருகுமானாகையால் விலங்குப் பிரிவில் விழுந்துவிட்டது. இத்தனைக்கும் நம் தலைநகரின் பெயர் சேற்று ஆற்றுமுகம் என்று பொருள்படுவது. பினாங்கு பாக்கின் பெயர். மலாக்காவும் ஈப்போவும் மரங்களின் பெயர்கள். ஊர்களுக்குச் சூராட் பெரானாக் என்னும் பிறப்புப் பத்திரம் எடுக்கும் வழக்கம் இல்லாதிருந்தது நல்லதாயிற்று.

இனி நிறத்துக்கு வருகிறேன். என் வழக்கின் உயிர்நிலை அங்கேதான். "மாமா, கருப்புசாமி என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சும்மா விடுவார்களா? கிருஷ்ணா என்று வையுங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்" என்றாள் மருமகள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த உண்மையில்தான் வேடிக்கை இருக்கிறது. கிருஷ்ண என்ற வடசொல்லுக்குப் பொருள் கறுப்பு. சியாமளன் என்றாலும் அதுவே, காளி என்றாலும் அதுவே. கிருஷ்ணசாமியைத் தமிழாக்கினால் கருப்புசாமி; கருப்புசாமியைச் சமஸ்கிருதமாக்கினால் கிருஷ்ணசாமி. ஒரே ஆசாமி பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்தால் நாற்காலி போடுவதும், தலைப்பாகையும் அரிவாளுமாக வந்தால் வாசலில் நிறுத்துவதும் தங்கள் இலாகா கண்டுபிடித்த வழக்கமன்று. அதை நாங்களே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

வாசலில் நிற்பது கருப்பருக்குப் புதிதுமன்று. கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் கொண்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். சனிக்கிழமைகளில் தெருவில் கார் நிறுத்த இடமிராது. அதே சுந்தரராஜர் மதுரைக்கருகே அழகர் மலையில் எழுந்தருளியிருக்கும் கோயிலுக்குக் காவல் யாரென்றால், பதினெட்டாம்படிக் கருப்பர். சிலை கிடையாது, சந்தனம் அப்பிய சாத்திய கதவுகளே அவர். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லும் மனிதன்கூட அந்தக் கதவுக்கு முன் சத்தியம் செய் என்றால் வழக்கை வாபஸ் வாங்கிவிடுவான். எண், நிறம் என்ற இரு தோஷங்களையும் ஒரே பெயரில் தாங்கிய அந்தக் காவற்காரரை விலக்கிவிட்டு, 'ராஜ' என்ற பட்டத்தையே பெயருக்கு நடுவில் வைத்துக்கொண்டிருக்கும் எசமானரை மட்டும் உள்ளே விடுவது எந்த விதியின்பாற்பட்டதென்று விளங்கவில்லை.

நாறும் தலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனருக்காக வாதாட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்த தாயை எனக்குத் தெரியும் என்றே தோன்றுகிறது. எங்களிடையே குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயர்கள் எப்படி வந்தன? முதல் பிள்ளையும் இரண்டாம் பிள்ளையும் காய்ச்சலில் போய், மூன்றாவதும் பிறந்தபோது, தோட்டத்து லயத்தில் ஆஸ்பத்திரியும் அண்டையில் இல்லாத நிலையில், அந்தப் பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு முறை புரட்டி எடுத்து, 'இது குப்பை, யாருக்கும் வேண்டாதது' என்று எமன் காதில் விழும்படி அழைத்தாள் தாய். சீனத் தாய்மாரும் பொல்லாத ஆவிகளை ஏய்க்கப் பிள்ளையை அருவருப்பான செல்லப்பெயரால் அழைப்பதுண்டு. குப்பன் என்ற பெயரில் வளர்ந்து எண்பது வயது இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்; எமன் பட்டியலில் தப்பியவர்கள் தங்கள் பட்டியலில் அகப்பட்டிருப்பார்கள்.

என் தகப்பனார் ராஜுலா கப்பலில் வந்திறங்கிக் கிள்ளான் வட்டாரத்துப் பால்மரக்காட்டில் கத்தி பிடித்தவர். துரைமார்களுக்கு எல்லாத் தமிழனும் ராமசாமி. அவர் பெயரைக் கேட்டெழுதிய ஒரே மனிதர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கிராணி, அவரும் மாதத்துக்கு ஓர் எழுத்துக்கூட்டலாக எழுதினாராம். நான் பிறந்த 1941இல் இவ்வட்டாரத் தோட்டங்களெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. தகப்பனாரிடம் சைக்கிள் கிடையாது. இருந்தும் அந்தக் கோரிக்கைக்காகக் கூட்டத்தோடு போய் நின்றார் என்று தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் பெயர் தங்களுக்கு அந்நியமானதுமன்று. என் அடையாளக் கார்டைப் பாருங்கள். மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி' என்ற சொற்களுக்குப் பின்னால் கருப்புசாமி உட்கார்ந்திருக்கிறார். 2001இல் வந்த மைகார்டுக்காகப் பழைய கார்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டபோது அவரையும் பயபக்தியோடு சில்லுக்குள் பதித்துக் கொடுத்தீர்கள். பிள்ளைக்குத் தகாத பெயர் தகப்பனுக்குத் தகுமாயின், என் பேரன் கருப்புசாமியாகப் பதிவாக எத்தனை வயது ஆக வேண்டும் என்று தெரிவித்தால் அதுவரை காத்திருக்கச் சித்தமாயிருக்கிறோம்.

பதிவுக்குரிய கெடு நெருங்குகிறது. இதற்கிடையில் வீட்டார் அவனைக் குட்டி என்று அழைத்துவருகிறார்கள். அது ஆட்டுக்கும் பூனைக்கும் உரிய சொல்லென்று நான் எச்சரித்தும் கேட்பாரில்லை. முன்தினம் தொட்டிலருகே குனிந்து, யாரும் பார்க்காத நேரத்தில், 'கருப்பா' என்று கூப்பிட்டேன். மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, நன்றாகப் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறான், எழுப்பாதீர்கள்" என்றாள். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆறுமுகம் அனாக் லெலாக்கி கருப்புசாமி