எண்ணூர்க்காரரும் எண்ணிக்கையும்

கேள்வி: ஸ்டான்லி மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தே ‘எண்ணூரில் புற்றுநோய் அதிகம்’ என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: முடியாது. மருத்துவமனைப் பதிவேடு வந்தவர்களை மட்டுமே எண்ணும். வராதவர்களை அதற்குத் தெரியாது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களிலிருந்து நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு வேறு ரகம். அதன் ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார்கள், இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் அதற்கும் உயிர்நாடி விலாசம்தான்; நோயாளி நகரவாசியா இல்லையா என்பது அதை வைத்தே முடிவாகிறது. எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் திருவொற்றியூரும் மாநகராட்சியில் சேர்ந்ததே 2011இல். அதற்கு முன் எண்ணூர்க்காரர் ராயபுரத்து மச்சான் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தால் நகரத்துக் கணக்கில் ஏறியிருப்பார். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டுப்போயிருப்பார். கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்பீர்கள். தப்பான விலாசத்தை அது அழகாக அச்சடித்துத் தரும். அப்படியானால் பதிவேடே வீணா? இல்லை, விலாசத்தைச் சரிபார்த்த பகுதியை நம்பலாம். எண்ணிக்கை உறுதியாகவில்லை என்பதற்காக எண்ணூர் ஆலைப்புகையை மட்டும் அவசரப்பட்டு விடுதலை செய்துவிடாதீர்கள்.