ஒத்த விசில்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் கண் போகும். பெண்களுக்குப் புடவை, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் மேஜை, தாய்மாமன்களுக்கு மொய் எழுதும் இடம். இதில் எதையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக வாட்ச்மேனிடம் போய், காதோடு காதாக ஏதோ கேட்டு, அவர் கை நீட்டிய திசையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரையும் ஒரு பெரியவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரும் மணமக்களை வாழ்த்த வந்தவர்தான். அட்சதைக்கு முந்தி அவருக்கு ஒரு சோலி இருக்கிறது, அவ்வளவுதான்.

சிம்மக்கல்லில் ஒருவர், வில்லாபுரத்தில் ஒருவர், அண்ணா நகரில் நாலைந்து பேர் என்று மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பேர் வேறு வேறாக இருக்கலாம். ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பேர் ஒன்றுதான்: ‘டியூப் எடுத்தவர்’. எங்கள் குடும்பத்தின் சார்பில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் என் பெரியப்பா. அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டியூப் எடுத்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பட்டிமன்றமோ துக்க வீடோ, எங்கே போனாலும் ஓர நாற்காலியில்தான் உட்காருவார். வெள்ளை வேட்டியை நல்லது கெட்டதுக்கு மட்டும் கட்டுவார், மற்ற நாளெல்லாம் கரும்பச்சைக் கைலி. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மாற்று வேட்டி, துண்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில். பெரியப்பாவின் பையில் இவற்றோடு, பணிக்காலத்து ஞாபகமாக ஒரு பித்தளை விசிலும் உண்டு. ஊர் நியாயம் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று முகம் வெளிறும். “இந்தா வர்றேன்” என்பார். நாம் பதில் சொல்லத் திரும்பும்போது நாற்காலி காலியாக இருக்கும்.

நோயைப் பற்றி அவர் விளக்கினால் டாக்டர்களே கேட்டுக்கொள்ளலாம். “மூத்திரப்பைக்குக் கீழ, பாதையச் சுத்தி ஒரு கோளம் இருக்கு. ஆம்பளைக்கு மட்டுந்தான். வாலிபத்துல 20 கிராம், ஒரு கொட்டப்பாக்கு அளவுன்னு வையி. அம்பது தாண்டுனா பாதிப் பேருக்கு அது வளர ஆரம்பிச்சிரும். டவுன்ஹால் ரோட்டுல ஒவ்வொரு கடைக்காரனும் படிக்கட்ட ஒரு அடி முன்னால தள்ளுனா என்னாகும்? ஆக்கிரமிப்பு! பஸ்ஸு போற ரோட்டுல சைக்கிள் போகாது.” பெரியப்பாவுக்கு ஸ்கேனில் 60 கிராம் என்று வந்தது. இரண்டு வருஷம் ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டி மாதிரி பாத்ரூமில் நின்றார். முக்கினாலும் முனகினாலும் கேட் திறக்கவில்லை.

கடைசியில் ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்கவில்லை, தையல் போடவில்லை. இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்டு, போகிற பாதை வழியாகவே கருவியை விட்டு, ஆக்கிரமிப்பை உள்ளிருந்தே சுரண்டி எடுத்துவிட்டார்கள். பிறகு மூன்று நாள் டியூப். அது நழுவாமல் இருக்க மூத்திரப்பைக்குள் ஒரு சின்ன பலூனை ஊதி வைத்திருந்தார்கள். ‘எட்டு வயசுப் பேரனுக்குக்கூட நான் பலூன் வாங்கிக் குடுத்ததில்ல’ என்று அதற்கு வருத்தப்பட்டார். அவரைத் தேற்றுவதற்காக பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கதையைச் சொன்னேன். 1752ஆம் ஆண்டு மின்னலைப் பிடிக்கப் பட்டம் விட்ட அதே மனிதர், அதே வருஷக் கடைசியில், மூத்திரக் கல்லால் அவதிப்பட்ட தன் அண்ணனுக்காக வெள்ளியில் வளையக்கூடிய குழாய் ஒன்றைச் செய்ய வைத்து அனுப்பினார். பெரியப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “வெள்ளியிலயா? நமக்கு ஏன்டா ரப்பர்ல போட்டாய்ங்க?”

உண்மையான கதை டியூப் எடுத்த அன்றைக்குத்தான் தொடங்கியது. அதுவரை வராதது தொந்தரவு, அன்றிலிருந்து நிற்காதது தொந்தரவு. டாக்டர் காரணம் சொன்னார். அடைப்பை எதிர்த்து வருஷக்கணக்காகத் தள்ளித் தள்ளி மூத்திரப்பையின் தசை தடித்துப்போயிருக்கிறது. பாதை திறந்தது அதற்கு இன்னும் தெரியாது. பழைய பலத்தோடேயே தள்ளுகிறது. பெரியப்பா தலையாட்டினார். “மலையேறி எறங்குன டிரைவரு சமதளத்துலயும் ஆக்ஸிலேட்டர விடாம மிதிக்கிற மாதிரி.” பை நிறைய 400, 500 மில்லி பிடிக்கும். பாதி நிறையும்போதுதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சேதி வரும். அவருக்கு நூறு மில்லியிலேயே “ரைட், ரைட்!” என்று இரண்டு விசில் அடித்துவிடுகிறது. இருமினால் சொட்டு, தும்மினால் சொட்டு, பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தினாலும் சொட்டு. ஆறு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும் என்றார் டாக்டர். “முப்பத்தோரு வருசம் டூட்டியில ஒரு தடவகூட எறங்காதவன்யா நான்!” என்றார் பெரியப்பா. டாக்டர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு. தும்மல், கொட்டாவி, பசி, கண்ணீர் என்று போகும் அந்தப் பட்டியலில் சிறுநீரும் உண்டு. அதைச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் அத்தோடு விடவில்லை. வாழைத்தண்டுச் சாறு குடி என்றார். எதிர்வீட்டு அம்மா நெருஞ்சி முள் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளையை அரைத்துக் குடிக்கச் சொன்னார் பால்காரர். மூன்றையும் ஒரே நாளில் குடித்த பெரியப்பா அன்று வீட்டுக்குள் வாழவே இல்லை, பாத்ரூமில்தான் குடியிருந்தார். வராதவனை வரவைக்கத் தெருவில் ஆயிரம் வைத்தியம் உண்டு, வந்துகொண்டே இருப்பவனை நிறுத்த ஒன்றும் இல்லை என்ற உண்மையை அன்று கண்டுகொண்டார்.

அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். டாக்டர் அதற்கும் திட்டினார்: தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரியும், கிருமி சேரும். காபியைத்தான் நிறுத்த வேண்டுமாம். இங்கேதான் சிக்கல். டவுனுக்குள் அவசரம் என்றால் ஹோட்டலுக்குள்தான் நுழைய வேண்டும். சும்மா நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் முறைப்பார். அதனால் ஒரு காபி. காபி குடித்ததால் அடுத்த ஹோட்டல். அங்கே மறுபடியும் காபி. மேலமாசி வீதியில் தொடங்கி வடக்கு மாசி வீதி வரை அவர் ஒருநாள் ஐந்து காபி குடித்திருக்கிறார். ஒன்றுகூட ஆசைப்பட்டுக் குடித்தது இல்லை.

எப்போது, எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனார் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். கண்டக்டரிடம் சொல்ல வேண்டுமா? நோட்டில் கோடு போட்டு டிரிப் ஷீட்டே தயாரித்துவிட்டார். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஏறியது, இறங்கியது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் அவரே ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்: ‘வழியிலே இறங்கியவை’. இரவு டிரிப்புகளுக்குத் தனிப் பக்கம். பதினொன்று, ஒன்றரை, மூன்று, நாலே முக்கால். தூங்கா நகரம் என்று இந்த ஊருக்குக் கிடைத்த பேரை இவரைப் போன்றவர்கள்தாம் இன்றைக்கும் காப்பாற்றி வருகிறார்கள்.

மருந்துக் கடையில் பேடு வாங்கும் காட்சி தனி நாடகம். கடையில் கூட்டம் குறையும் வரை விக்ஸ் மிட்டாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு தாழ்ந்த குரலில், “பேரனுக்குத்தான் தம்பி.”

“எத்தன கிலோங்கய்யா பேரன்?”

“எழுவத்திரெண்டு.”

கடைப்பையன் சிரிக்கவில்லை. நல்ல பையன். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, பட்டாபட்டி டவுசருக்குள் பேடு ஓரிடத்தில் நிற்காது என்று. 68ஆம் வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியப்பா ஜட்டி வாங்கினார். “எதுக்கு இம்புட்டு ஒளிவு மறைவு?” என்றார் பெரியம்மா. “அந்தக் கடையில கறுப்புப் பை எங்களுக்காகத்தான வச்சிருக்கான். இப்ப நீங்களும் சேந்துக்கிட்டீங்க.”

தசைக்குப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூத்திரத்தைப் பாதியில் நிறுத்த எந்தச் சதையை இறுக்குவோமோ அதை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. உலகத்திலேயே பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் செய்யக்கூடிய ஒரே உடற்பயிற்சி அதுதான். ஆனால் பெரியப்பாவால் எதையும் ரகசியமாகச் செய்ய முடியாது. தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்து, விரல்விட்டு எண்ணுவார். மாரியம்மனை நினைத்து உருகுகிறார் என்று நினைத்து ஒருவர் அவருக்கு முன்னால் ஐந்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பயிற்சியை 1948இல் எழுதி வெளியிட்டவர் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் டாக்டர் என்று வீட்டில் படித்துச் சொன்னேன். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இருமும்போதும் தும்மும்போதும் சொட்டுகிற தொந்தரவுக்காகவே அவர் அதைக் கொண்டுவந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார். “மூணு பெத்தேன். ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே.” பெரியப்பா அந்த நேரம் பாத்ரூமில் இருந்தார். நான்தான் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள் சிவப்பாகப் போனது. உயில் எழுதும் அளவுக்குப் போனார். உள்ளே புண் ஆறிப் பக்கு உதிர்கிறது, இரண்டாவது வாரத்தில் சிலருக்கு இப்படி வரும், தண்ணீரைக் கூட்டிக் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உயில் பாதியில் நிற்கிறது.

எட்டாவது வாரம் உசிலம்பட்டியில் ஒரு கல்யாணம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலேயே இரண்டு முறை போய்விட்டு வந்துதான் ஏறினார். ஜன்னலோரம் பெரியம்மா, ஓரத்தில் அவர், பின்சீட்டில் நான். நாகமலை புதுக்கோட்டை தாண்டியது. செக்கானூரணி தாண்டியது. கருமாத்தூர் தாண்டியதும் பெரியப்பாவின் பிடரி நிமிர்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

“தம்பி, ஓரமா ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லுப்பா.”

இளவட்டக் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னான்: “பெருசு, அதெல்லாம் கெளம்பும்போதே பாத்துட்டு ஏறணும். வண்டி இனி உசிலம்பட்டியிலதான் நிக்கும்.”

பெரியப்பா அதிர்ந்துபோனார். மறுத்தான் என்பதற்காக அல்ல. அது அவருடைய சொந்த வசனம். எழுத்துப் பிசகாமல், இழுவை மாறாமல், 31 வருஷம் அவர் சொன்னது. அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. மஞ்சப்பைக்குள் கை போனது. பித்தளை விசில் வெளியே வந்தது.

ஒத்த விசில்.

டிரைவரின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. வண்டி புளியமரத்து ஓரமாக ஒதுங்கி நின்றது. இளவட்டம் தன் வாயில் இருந்த விசிலை எடுத்து ஒருதரம் பார்த்தான். அதற்குள் பெரியப்பா மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

வண்டி நின்றதும் இன்னும் மூன்று பேர் இறங்கினார்கள். ஒரு கிழவி, கைப்பிள்ளையோடு ஒரு பெண், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறுமி. இறங்கியவர்கள் அங்கேயே நின்றார்கள். ஒரு பக்கம் புளியமரம், அதன் பின்னால் பெரியப்பா. மறுபக்கம் வெட்டவெளி, தூரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள். நடுவில் முள்ளும் மொட்டையுமாகச் சீமைக்கருவேலம். பஸ் முழுக்கக் கண்கள். கிழவி சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆம்பளைக்கு மரம் இருக்கு” என்று சொல்லிப் படியேறினார். மற்ற இருவரும் பின்னாலேயே ஏறினார்கள். துண்டால் கை துடைத்தபடி வந்த பெரியப்பா காதில் அது விழுந்தது.

உட்கார்ந்து கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார்.

“குடி. காலையில இருந்து நீ தண்ணியே குடிக்கல.”

“வேணாம். பஸ்ஸுல ஏறுற அன்னைக்குக் குடிக்கிறதில்ல. நாப்பத்தி ரெண்டு வருசமா அப்படித்தான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: “உங்க பஸ்ஸுலயும்தான்.”

உசிலம்பட்டி மண்டபத்தில் நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. வழக்கம்போலப் பெரியப்பா நேராக வாட்ச்மேனிடம் போனார், கேட்டார், விரைந்தார், வந்தார். வந்தவர் நாற்காலிக்கு வராமல் மறுபடியும் வாட்ச்மேனிடமே போனார்.

“லேடீஸ் பக்கம் தண்ணி வருதா? தாப்பா விழுகுதா?”

“அது எதுக்குய்யா உங்களுக்கு?”

பெரியப்பா பதில் சொல்லவில்லை. தானே நடந்துபோய், வெளியில் நின்று, கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் விசாரித்துவிட்டுத் திரும்பினார். பெரியம்மாவின் பக்கத்தில் வந்து, பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு வழி சொல்லும் அதே குரலில் சொன்னார்:

“மாடிப்படிக்குக் கீழ, வலது பக்கம். தண்ணி வருது. தாப்பா இருக்கு.”

பெரியம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். மஞ்சப்பைக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தார். அண்ணாந்து, நிறுத்தாமல், பாதிப் பாட்டிலைக் குடித்து முடித்தார்.