அன்று கேலி, இன்று அக்கறை

1992-ல் எங்கள் அம்மாவுக்கு 41 வயது. அந்த வயதுக்கு மேல் ஒரு பெண் கற்றுக்கொள்ள எதுவும் பாக்கி இருப்பதாக எங்கள் அன்னவாசல் பக்கத்தில் அப்போது யாரும் நினைக்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைக்கு வசம்பு சுட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவோ பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கத்தில் தொண்டராகப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். பக்கத்து ஊர்களில் ராத்திரி வகுப்பு. போய்வர பஸ் கிடையாது. ஆகவே சைக்கிள்.

கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலம் அது. எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்று புதுக்கோட்டை மாவட்டமே கிளம்பியிருந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள், முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் லாபம். அம்மா பழகியது அப்பாவின் சைக்கிளில். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, ஒரு காலைக் கம்பிக்கு மேல் வீசிப்போட்டு ஏற வேண்டும். அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். டீக்கடை பெஞ்சுக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை.

"என்னத்தா, கலெக்டர் வேலைக்குக் கெளம்பியாச்சா?"

"பொம்பள சைக்கிள் மிதிச்சா மழை எங்கிட்டுப் பெய்யும்?"

அம்மா ஒரு காலை ஊன்றி நிறுத்தினார். "நான் நடந்து போனப்ப மட்டும் கொட்டித் தீத்துருச்சாக்கும்?" மறுபடி ஏறிப் போய்விட்டார். கேலியில் இது ஒரு வசதி. பதிலைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம்.

இப்போது எனக்கு 52. என்னை யாரும் கேலி செய்வதில்லை. அதுதான் சிக்கல்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவரின் மகள், இந்த வயதில் வட்டெழுத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டுப் படிக்கும் பைத்தியம். குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று தடுக்கி விழுந்தால் கல்வெட்டு இருக்கும் மாவட்டத்தில் பிறந்துவிட்டு, அரை நூற்றாண்டு அவற்றின் மேல் சாய்ந்து நின்று போட்டோ மட்டும் எடுத்திருக்கிறோம். மைப்படி எடுக்கவும் பழகியாயிற்று. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் முக்கால்வாசி காய்ந்த பிறகு மை ஒற்றினால், கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். யாரோ ஒருவர் கோயிலில் விளக்கு எரிய ஆடு கொடுத்த சமாசாரமாக இருக்கும். படித்து முடிக்கையில் ஆட்டையே பிடித்துவிட்ட மாதிரி எனக்குச் சந்தோஷம்.

2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ் பெரிய ரோட்டில் இறக்கிவிடும், கல்வெட்டு பெரிய ரோட்டில் இருப்பதில்லை. ஆகவே கார்.

சொன்னதும் வீட்டில் அக்கறை பெருக்கெடுத்தது. "எதுக்கும்மா ரிஸ்க்? நான் இங்கேருந்தே டாக்ஸி புக் பண்றேன்" என்றான் பெங்களூரிலிருந்து மகன். "டிரைவர் வெச்சுக்கலாமே" என்றார் கணவர். "மெனோபாஸ் நேரம் அண்ணி, தலைகிலை சுத்திட்டா?" என்று நாத்தனார் கால்சியம் மாத்திரை வாங்கி அனுப்பினார். இவர்களிடம் மழைக் கதை பேசி ஜெயிக்க முடியுமா? அத்தனை பேரும் பாசமாக வேறு சிரிக்கிறார்கள். சோழ மன்னர் கண்டராதித்தர் இறந்த பிறகு அவர் மனைவி செம்பியன் மாதேவி பல பத்தாண்டுகள், செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தார். "முட்டி தேஞ்சிரும், உக்காருங்க" என்று அவரை யாரும் தடுத்ததாக நான் படித்தவரையில் கல்வெட்டு இல்லை.

அரசாங்கத்துக்கும் இந்த வயசுக் கணக்கு உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் தந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018-ல் வந்தபோது, வயது வரம்பு 18 முதல் 40. நாற்பதைத் தாண்டியவள் ஸ்கூட்டரில் எங்கே போகப்போகிறாள் என்று நினைத்திருக்கலாம்.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. வண்டி நின்றதெல்லாம் என் சாமர்த்தியம் என்று பூரித்திருந்தேன், பாதியை நிறுத்தியது அவர் கால். அதில் எனக்கு வருத்தமில்லை. என் பிரேக்கின் மேல் இன்னொருவர் கால் இருப்பது பளிச்சென்று கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் காரில் மட்டும்தான்.

அம்மாவுக்கு இப்போது 74. என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கறையா சொன்னா எதுத்துப் பேசாத. தலையை ஆட்டிக் கேட்டுக்க. சாவியை மட்டும் குடுத்துராத."

40 வயதுக்கு மேல் என்பதால் டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டியிருந்தது. அவர் கண்ணைப் பார்த்தார், பிபி பார்த்தார், எதுக்குங்க ரிஸ்க் என்று மட்டும் கேட்கவில்லை. லைசென்ஸ் வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டி எடுத்ததால் 60 வயதுவரை செல்லும். அதற்கு மேல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எத்தனை வயதோடு நிறுத்த வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.