சிற்றூர்ச் சுற்றுலாவில் மிச்ச நேரம்: சொறிக்கல்முனையை முன்வைத்து ஓர் ஆய்வு

கோயிலால் பேர்பெற்ற சின்னஞ்சிறு ஊரைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் விளங்கும். பார்க்க வேண்டியது முடிந்துவிட்டது. திரும்பிப் போக பஸ் இன்னும் வரவில்லை. இவை இரண்டுக்கும் நடுவே கிடக்கும் காலத்தை இக்கட்டுரை ‘மிச்ச நேரம்’ என்று அழைக்கும். கட்டடம், கல்வெட்டு பற்றியெல்லாம் பெரியோர் எழுதிக் குவித்துவிட்டார்கள். மிச்ச நேரத்தில் கைவைத்தவர் எவருமில்லை.

முதலில் மேல்நாட்டுச் சான்று. வேல்ஸில் சென்ட் டேவிட்ஸ் என்றோர் ஊர். சனம் ஈராயிரத்துக்கும் குறைவு. ஆனால் பேராலயம் இருக்கிறது. அந்தப் பெருமையில் 1995இல் நகரப் பட்டமும் வாங்கிக்கொண்டது. அங்கே இரண்டு தரம் யாத்திரை போனால் ஒரு தரம் உரோமாபுரிக்குப் போனதற்குச் சமம் என்று 12ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் இரண்டாம் கலிஸ்டஸ் அருளியதாகச் சொல்வார்கள். சொறிக்கல்முனைக்கு எத்தனை தரம் போனால் ஒரு தரம் மடு மாதா கோயிலுக்குப் போனதற்குச் சமம் என்று இன்றுவரை எந்தப் பாப்பரசரும் விலை நிர்ணயிக்கவில்லை. செப்டெம்பரில் திருச்சிலுவைத் திருநாளுக்கு வந்து சேரும் சனத்தைப் பார்த்தால், கணக்குப் பார்த்து வருகிறவர்களாகவும் தெரியவில்லை.

அடுத்தது புளியந்தீவு. மட்டக்களப்பு மறைமாவட்டம் 2012இல் திருகோணமலையிலிருந்து தனியாகப் பிரிந்தது; அதன் பேராலயம், மரியன்னை பேரில், இந்தத் தீவில்தான் இருக்கிறது. ஆனால் நமது ஆய்வுக்கு உதவாத ஊர். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டை பக்கத்திலேயே நின்று மிச்ச நேரம் முழுவதையும் தின்றுவிடுகிறது.

ஆகவே சொறிக்கல்முனை. பேராலயமும் இல்லை, நகரப் பட்டமும் இல்லை. நாவிதன்வெளிப் பிரதேசத்தில் வயல்களுக்கு நடுவே திருச்சிலுவை ஆலயத்தோடு இருக்கும் கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம். கல்முனையில் ஓட்டோ பிடித்து, சேனைக்குடியிருப்பு தாண்டி, கிட்டங்கி தாம்போதியால் போகலாம். ஓட்டோக்கார காக்கா கல்முனைக்குடிக்காரர். “கோயிலுக்கா? நேர்த்தி என்னவும் இருக்கா?” என்றார். சும்மா பார்க்க என்றதும் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். “பாக்கிறதெண்டா எங்கட கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தத்துக்கு வாங்க” என்றார்.

மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டு, ஆலயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. இங்கிருந்துதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. தேத்தண்ணிக் கடை அம்மா பிளேன்டீயை வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஆர்ர வீட்ட வந்த நீங்க, மனே?”

ஒருவர் வீட்டுக்கும் இல்லை என்பதை அவர் பதிலாக ஏற்கவில்லை. ஊர் எது, அப்பா பேர் என்ன, அம்மா எந்தப் பக்கம், மட்டக்களப்பில் சொந்தம் உண்டா என்று வரிசையாக விசாரணை நடந்தது. பக்கத்து வாங்கிலிருந்த ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டாம் நடுவராகச் சேர்ந்துகொண்டார். கடைசியில், மண்டூரில் என் சின்னம்மா ஒருவர் கட்டியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டதும் இருவர் முகமும் தெளிந்தது. “அப்ப சொந்தக்காரர்தானே” என்று வடையும் வந்தது. வடைக்குக் காசு வாங்கவில்லை.

இதிலிருந்து நான் வகுக்கும் விதி: ஊர் எவ்வளவு சிறிதோ, பார்க்க வந்தவரை அது அவ்வளவு கூடப் பார்க்கும். சென்ட் டேவிட்ஸில் உல்லாசப் பயணி என்றொரு சாதி உண்டு; அவருக்கு வரைபடம் விற்பார்கள், தபாலட்டை விற்பார்கள். சொறிக்கல்முனையில் அந்தச் சாதி கிடையாது. யாத்திரிகர் உண்டு, சொந்தக்காரர் உண்டு. இரண்டிலும் சேராதவர் மிச்ச நேரம் முடிவதற்குள் ஏதாவதொன்றில் சேர்க்கப்படுவார்.

விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மாரியில் வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மேவினால் பஸ்ஸும் இல்லை, ஓட்டோவும் இல்லை. மிச்ச நேரம் கணக்கில் அடங்காது. ஆகையால் இவ்வாய்வின் முடிவுகள் மாசி தொடக்கம் புரட்டாதி வரைக்குமே செல்லுபடியாகும்.