500 ரூபாயில் குளிர்கால விளையாட்டு அறை

சென்னையில் குளிர்காலமே கிடையாது என்பவர்கள் அரையாண்டு லீவில் இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருந்து பார்க்காதவர்கள். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரில். அதனால் என்ன, 22 டிகிரிக்கே பாட்டி மங்கி குல்லாவை எடுத்துவிடுவார். எடுத்த கையோடு, "குழந்தைங்களுக்கு அந்த ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுத்தா என்ன?" என்றும் கேட்டுவிடுவார். பட்ஜெட் 500 ரூபாய். வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் அறையைத் தேட வேண்டும். டபுள் பெட்ரூம் ஃபிளாட்டில் 'பசங்க ரூம்' என்று ஒன்று இருப்பதாக வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். கதவைத் தள்ளினால் முழுசாகத் திறக்காது. பின்னால் 25 கிலோ அரிசிச் சிப்பம். கட்டில் மேல் அயர்னுக்குப் போக வேண்டிய துணி. மூலையில் யாரும் ஓடாத டிரெட்மில், அதன் கைப்பிடியில் காயும் யூனிஃபார்ம். பருவமழையில் மொட்டை மாடிக் கொடியால் பயனில்லை என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டி, ஃபேனை ஐந்தில் வைத்திருப்பார்கள். அதை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். "அப்ப நீங்களே காயப்போடுங்க" என்ற பதிலுக்குப் பிறகு பேச்சு வளராது. ஈரப் போர்வையின் இரண்டு முனையும் தரையைத் தொடுகிற மாதிரி இழுத்துவிடுங்கள். கூடாரம் தயார். சொட்டுகிறதே என்றால், மழைக்காலக் கூடாரம் சொட்டத்தான் செய்யும்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் ஆசையை விடுங்கள். கார்த்திகையில் பட்டி காயாது. ஓதம் ஏறிய சுவரில் அடித்ததெல்லாம் தை பிறப்பதற்குள் அப்பளம் அப்பளமாக உரியும். வாடகை வீடு வேறு. ஓர் ஆணி அடித்தாலும் ஓனர் அட்வான்ஸில் கை வைப்பார். டிசம்பர் கடைசியில் நகைக்கடை, பாத்திரக்கடை, வங்கி என்று எல்லா இடத்திலும் புதுக் காலண்டர் தருவார்கள். பழசின் பன்னிரண்டு தாளையும் பிரித்து, வெள்ளைப் பக்கம் தெரிய, மாஸ்கிங் டேப்பால் பிள்ளையின் தலைக்கு ஓரடி மேல் வரை சுவரில் ஒட்டுங்கள். மைதாப் பசை வேண்டாம், கரப்பானுக்குப் பிடிக்கும். சாமி படக் காலண்டர் என்றால் பாட்டியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முருகன் சுவரைப் பார்த்து நிற்பதை அவர் ஒப்ப மாட்டார். நகைக்கடைப் பெண் எந்தப் பக்கம் பார்த்தாலும் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

மார்கழியில் மொசைக் தரை காலைப் பிடிக்கும். எழுத்து வெட்டிய ஃபோம் பாயை வாங்கினால் ஒரே வாரத்தில் 'க' பீரோவுக்கு அடியில், 'ங' யாருடைய வாயிலோ. ஆகவே அடியில் ஃபிளெக்ஸ் பேனர், மேலே கோரைப் பாய், அதற்கும் மேல் பழைய நூல் புடவையை நாலாக மடித்துத் தைத்த விரிப்பு. காதுகுத்து முடிந்த வீட்டில் கேட்டால் பேனர் சும்மாவே கிடைக்கும். கட்சி பேனரானால் படம் கண்டிப்பாகக் கீழ்ப்பக்கம். தலைவர் முகத்தில் உங்கள் பிள்ளை ஜேசிபி ஓட்டுவதை வட்டச் செயலாளர் பார்த்துவிட்டால் ஆகும் செலவு 500 ரூபாயில் அடங்காது.

அலமாரிக்குப் பரணில் இருக்கும் கொலுப்படியை இறக்குங்கள். நவராத்திரிக்கு ஒன்பது நாள் உழைத்துவிட்டு மீதி வருஷம் தூங்கும் சாமான் அது. படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்ற விதி டைனோசர்களுக்குப் பொருந்தாது. அடுக்கும் முன் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்: தலையில்லாத சூப்பர் ஹீரோ, மூன்று சக்கரக் கார், பேட்டரி பொங்கி ஸ்பிரிங்கில் வெள்ளை பூத்த ரிமோட். பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யுங்கள். பார்த்துவிட்டால் அந்த மூன்று சக்கரக் கார்தான் உயிர் என்பார்கள். போகியில் கொளுத்திவிடலாம் என்று தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், டயர் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கெஞ்சுகிறது. பழைய பேப்பர் கடையில் போட்டால் டீச் செலவாவது தேறும்.

புதுசாக ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதை நினைவில் வைத்து, பிளாட்பாரத்தில் முத்திரையைத் தேடிப் பாருங்கள். தேடி முடிப்பதற்குள் பிள்ளை அதை வாயில் வைத்திருக்கும். வாங்காமலே ஆட வழி உண்டு. சாக்பீஸால் தரையில் பதினான்கு வட்டம், வட்டத்துக்கு ஐந்து புளியங்கொட்டை: பல்லாங்குழி. மூன்று வயதுக்குக் கீழே வீட்டில் யாராவது இருந்தால் இதையும் விடுங்கள். புளியங்கொட்டை மூக்குக்குள் போனால் இ.என்.டி. டாக்டர் ஃபீஸே பட்ஜெட்டைத் தாண்டும்.

இப்போது அறை பார்க்க லட்சணமாக இருக்கும். அப்படியே இரண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள் நியூஜெர்சி அத்தை, கச்சேரி சீசனுக்காக, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு பெட்டியோடு வந்து இறங்குவார். வேறு எந்த அறையைக் கொடுப்பது? கொலுப்படியில் சூட்கேஸ் ஏறும். காலண்டர் தாள்களைப் பார்த்து "சோ கிரியேட்டிவ்!" என்று போட்டோ எடுத்துவிட்டு, அதன் மேலேயே பட்டுப்புடவை ஹேங்கரை மாட்டுவார். பனியில் வளர்ந்த அவர் பிள்ளைகள் அரை டிராயரோடு ஏ.சி. போடச் சொல்வார்கள். உங்கள் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு டைனிங் டேபிளுக்கு அடியில் போய்விடுவார்கள்.

பொங்கலுக்கு முன் அத்தை கிளம்பிவிடுவார். அவரை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அயர்ன் துணி மறுபடி கட்டிலில் ஏறியிருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். டேபிளுக்கு அடியில் இருப்பவர்களையும் கூப்பிடாதீர்கள், வர மாட்டார்கள். மீந்த காலண்டர் தாள்களை டேபிளின் அடிப்பலகையில் ஒட்டி, ஒரு கிரேயான் டப்பாவை உள்ளே தள்ளிவிடுங்கள். படுத்துக்கொண்டே வரையலாம். ஓனர் அங்கே குனிந்து பார்க்கப்போவதில்லை.