புகை உபாசகர்

அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால், அங்கே கைக்குழந்தை இருக்க வேண்டும், இல்லையேல் புகை உபாசகர் இருக்க வேண்டும். குழந்தை ஒன்றரை வயதில் ஒழுங்காகத் தூங்கப் பழகிவிடும்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். அரைக்கால் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, முன்கையில் பாதி தூரம் மட்டும் முடி. மிச்ச முடி அடுப்பு மூடியைச் சட்டென்று திறந்த ஒரு நாளில் போனது. உள்ளே காற்றில்லாமல் அடங்கிக் கிடந்த தணலுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் அது குபீரென்று வெளியே பாயும். அன்றிலிருந்து மூடியை இரண்டு விரல் உயரம் தூக்குவார், இறக்குவார், மறுபடி தூக்குவார். அடுப்பு ஏப்பம் விட்டு முடித்த பிறகுதான் முழுசாகத் திறப்பார்.

அடுப்பென்றால் பச்சை நிறத்தில், முட்டை வடிவில், எழுபது கிலோவுக்கு மேல் கனக்கும் பீங்கான் அடுப்பு. ஜப்பானில் சோறு வடித்த மண் அடுப்பின் வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அதன் ருசியோடு ஊர் திரும்பினார்கள். எட் ஃபிஷர் என்பவர் 1974இல் இதே அட்லாண்டாவில் கடை போட்டார். அதுதான் ‘பிக் கிரீன் எக்’ ஆயிற்று. இந்த வரலாற்றைச் சொல்லி முடிக்காமல் உபாசகர் இதுவரை யாருக்கும் ஒரு துண்டு கறி பரிமாறியதில்லை.

அந்த அடுப்பின் பெருமையே அதன் கஞ்சத்தனம்தான். கனத்த சுவர், இறுக்கமான மூடி. கீழ்த் துவாரத்தை நூலளவு திறந்து வைத்தால் போதும், ஒரு கூடைக் கரி ராத்திரி முழுக்கக் கனன்று, உள்ளே 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அசையாமல் நிற்கும். நம் கணக்கில் 107 செல்சியஸ். இந்த 225ஐ அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும்.

இதோடு விட்டிருக்கலாம். கறிக்குப் புகை மணம் ஏற்ற, கைப்பிடி அளவு ஹிக்கரி மரக் கட்டைகள் கடையில் கிடைக்கின்றன. மூன்றைக் கரிக்கு நடுவே புதைத்துவிட்டு மனிதர் போய்ப் படுக்கலாம். இது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள் தள்ளுபடியில் ஒன்பது கிலோ பெல்லட் மூட்டை கிடைத்துவிட்டது. மரத்தூளை அழுத்தி, பென்சில் கனத்தில் செய்த சின்னச் சின்னத் துண்டுகள் அவை. வேறொரு வகை அடுப்புக்கென்றே பிறந்தவை. அந்த அடுப்பில் ஒரு திருகுத்தண்டு இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட, மின்விசிறி காற்று ஊதும். காற்றை எண்ணிக் கொடுக்கும் அடுப்பும், காற்றில்லாவிட்டால் கண்ணை மூடிவிடும் பெல்லட்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டும். நடுவில் இவர் சமரசம் பேசுகிறார். வார நாளில் அலுவலகத்திலும் அவருக்கு அதே வேலைதான் என்று கேள்வி.

முதலில் கங்கின் மேல் ஒரு கைப்பிடி தூவிப் பார்த்தார். ஐந்து நிமிடம் தீயணைப்பு வண்டி வருமளவுக்கு வெள்ளைப் புகை, பிறகு ஒன்றுமில்லை. நனைத்துப் போட்டால் மெதுவாக எரியும் என்று யாரோ சொல்ல, நனைத்தார். பெல்லட்டுக்குத் தண்ணீர் காட்டினால் அது பழையபடி மரத்தூளாகிவிடும். வாளியில் கிளறிக்கொண்டு நின்றவரை மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, திரையை இழுத்துவிட்டார்.

அடுத்தது துளைக்குழாய். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான எவர்சில்வர் குழாயில் பெல்லட்டை நிரப்பி, ஒரு முனையில் பர்னரால் தீ வைத்து, பத்து நிமிடம் எரியவிட்டு, சுடரை மட்டும் ஊதி அணைக்க வேண்டும். பிறகு ஊதுவத்தி கணக்காக நாலு மணி நேரம் புகையும். வெளியே மேஜையில் வைத்தால் அப்படித்தான் புகைகிறது. முட்டைக்குள் வைத்தால் அரை மணியில் அணைந்துவிடுகிறது. காற்றைக் கூட்டினால் குழாய் பிழைக்கும், கரி 300க்கு ஏறிவிடும். பீங்கான் ஒரு தடவை சூடேறினால் லேசில் இறங்காது. அன்றைய 225 அவ்வளவுதான்.

உபாசகர்களில் நம்மவர்களும் உண்டு. அப்படி ஒரு தமிழ்ப் பொறியாளரின் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மகன் குழாயை ஏற்றி, அணைத்து, புகையவிட்டு, கறி எடுக்க உள்ளே போன நேரம். திரும்பி வந்தால் குழாய் முழுக்கத் தீ.

“என்னம்மா பண்ணினே?”

“புகைஞ்சுக்கிட்டே கெடந்துச்சுடா. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? விசிறி விட்டேன், நல்லா புடிச்சுக்கிச்சு.”

“அது புகையணும்மா. அதுக்குத்தான் இவ்வளவும்.”

“புகையறதுக்கா? அதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு? ஈர வெறகு போட்டாப் போதுமே!”

மகனிடம் பதில் இல்லை. உண்மையில் ஒரு பதில் இருக்கிறது: ஈர விறகின் வெள்ளைப் புகை அரைகுறையாக எரிந்தது, கறியில் கசப்பாகப் படியும். உபாசகர் தேடுவது மெல்லிய நீலப் புகை. அது இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்று தொடர்ந்து வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் மனிதர் விடிகாலையில் டார்ச்சோடு மண்டியிட்டுக் கிடக்கிறார்.

கடைசியில் கைகொடுத்தது இரும்புச் சட்டி. வார்ப்பிரும்புச் சட்டியின் அடியில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, பெல்லட்டை நிரப்பி, மூடியின் விளிம்பை மைதா பசையால் அடைத்து, கங்கின் மேல் உட்கார வைப்பது. உள்ளே காற்றே இல்லை. பெல்லட் எரியாமல் கரியாகிறது. வெளியேறும் ஆவிக்கு அடி ஓட்டையைத் தவிர வேறு வழியில்லை. தணலுக்குள் புகுந்து, கசப்பெல்லாம் எரிந்து, சுத்தமாக மேலே வரும். பிரமாதமான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. மைதா கேட்டு மனைவியிடம் போனதுதான் கொஞ்சம் சிரமமான கட்டம்.

விருந்தாளிகள் ஆறு மணிக்கு வருவார்கள். மாட்டு நெஞ்சுக்கறி அப்போதுதான் 160 டிகிரியைத் தொட்டு நின்றிருக்கும். கறியிலிருந்து ஈரம் ஆவியாகி அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், வெப்பமானியின் முள் மணிக்கணக்கில் நகராது. குழந்தைகளுக்கு யாரோ பீட்சா வரவழைத்து, காருக்குள் வைத்துக் கொடுப்பார்கள். உபாசகர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்.

பத்து மணிக்குக் கறியை அறுத்ததும், ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். புகையிலுள்ள வாயு கறியின் நிறமியோடு சேர்ந்து உண்டாவது. அதற்குத் தனியாக ருசி கிடையாது. அது அவருக்கும் தெரியும். முதலில் வளையத்துக்குப் போட்டோ, பிறகுதான் மனிதர்களுக்குத் தட்டு.

“என்ன மரம்னு தெரியுதா?”

ஒருவர் ஹிக்கரி என்றார். ஒருவர் பசியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உபாசகர் கண்ணை மூடி, மென்று, “செர்ரி” என்றார்.

காலி மூட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை உரக்கப் படித்தான். ஓக் முதலில் இருந்தது, செர்ரி அதற்குப் பின்னால்தான். பல கம்பெனிகள் ஓக் மரத்தூளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மூட்டையின் மேலே பெயர் எழுதிய மரத்தைக் கொஞ்சம் கலப்பதுதான் வழக்கம்.

உபாசகர் மூட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தார். இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

“அதான் பார்த்தேன்,” என்றார். “அடியிலே லேசா ஓக் வாசனை வருதேன்னு மத்தியானமே நினைச்சேன்.”