அக்கரைச் சமாசாரம்

லண்டன் பெரிய மனிதர்களுக்கு ஒழுக்கத்தின் மேல் அபார அக்கறை. ஊருக்குள் 'அந்த மாதிரி' தொழில் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்கே நடத்தலாம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். 1393-ல் நகரசபை போட்ட உத்தரவுப்படி, அந்தப் பெண்கள் காக் லேன் என்ற ஒரு சந்தில் இருக்கலாம். இல்லாவிட்டால் தேம்ஸுக்கு அக்கரையில் இருக்கலாம். வேறெங்காவது தலையைக் காட்டினால் மேலங்கியும் முக்காடும் பறிமுதல். போகிற ஆண்களிடம் பறிமுதல் செய்ய ஏதும் இருந்ததாக உத்தரவில் இல்லை.

அக்கரை என்றால் சதர்க். அங்கே ஆற்றோரமாக ஒரு துண்டு நிலம். லண்டன் நகரசபையின் சட்டம் அங்கே செல்லாது, ஷெரீஃப் வாலாட்ட முடியாது. நிலத்துக்கு எஜமான் வேறு ஒருவர்: வின்செஸ்டர் பிஷப்.

ஆமாம், பிஷப்தான்.

1393-ல் அந்தப் பதவியில் இருந்தவர் வில்லியம் ஆஃப் விக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜ் கட்டியவர், வின்செஸ்டரில் பள்ளிக்கூடம் திறந்தவர். மனிதனை மனிதனாக்குவது நன்னடத்தையே என்பது அந்தப் பள்ளியின் முத்திரை வாசகம். பள்ளிக்கூடம் வின்செஸ்டரில் இருந்தது, அந்தப் பெண்களின் விடுதிகள் சதர்க்கில் இருந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வழியில்லை.

விடுதிகளுக்கு என்று ஒரு விதிமுறைப் பட்டியலே இருந்தது. 1161-ல், இரண்டாம் ஹென்றி காலத்தில் போட்டது என்று 1598-ல் லண்டன் சரித்திரக்காரர் ஜான் ஸ்டோ எழுதி வைத்திருக்கிறார். விதி போட்டவன் கெட்டிக்காரன், இன்றைய நகரமைப்பு அதிகாரிகளே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் அறைக்கு வார வாடகை பதினாலு பென்ஸுக்கு மேல் வாங்கக்கூடாது. தொழிலை விட்டுவிட நினைக்கிற பெண்ணைப் பிடித்து வைக்கக்கூடாது. கன்னியாஸ்திரீகளையும் அடுத்தவன் மனைவியையும் சேர்க்கக்கூடாது. (இப்படி ஒரு விதி போடவேண்டி வந்தது என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.) வாசலில் போகிறவனைக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. காசு வாங்கினால் விடியும்வரை கூட இருந்தாக வேண்டும். பாதி ராத்திரியில் கழற்றிவிடக்கூடாது. திருநாட்களில் கதவு சாத்தியிருக்க வேண்டும், பெண்கள் எல்லாரும் பிஷப்பின் எல்லைக்கு வெளியே போய்விட வேண்டும். போனார்களா என்று பார்ப்பது பிஷப்பின் காரியஸ்தர் வேலை. ஆண்டவருக்கான நாளில் இப்படி ஒரு உத்தியோகம்!

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. விடுதியில் ரொட்டி, பீர், கறி, மீன், விறகு, கரி எதுவும் விற்கக்கூடாது. ஒரு தொழில்தான், கலப்படம் கூடாது. நியூயார்க்காரர்கள் 1995-ல் இதை அப்படியே தலைகீழாக்கினார்கள். கடையில் நாற்பது சதவீதம் வரை 'அந்த' சரக்கு இருந்தால் அது சாதாரணக் கடை, அதற்கு மேல் போனால்தான் ஆபாசக் கடை, பள்ளிக்கும் கோவிலுக்கும் 500 அடி தள்ளிப் போ என்றார்கள். கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? யாரும் வாங்காத பழைய சண்டைப் பட வீடியோக்களை முன்பக்கம் அடுக்கினார்கள். உள்ளே போகிறவன் புரூஸ் லீயைத் தாண்டித்தான் போகவேண்டும். விவகாரம் வழக்காகி, அது முடிய 2017 ஆயிற்று.

சதர்க்கில் அளவுநாடா கிடையாது, ஆறுதான் எல்லை. ஆற்றைப் பார்த்த சுவர்களில் படம் வரைந்து வைத்திருந்தார்கள், படகில் வருகிறவன் வீடு மாறிப் போய்விடக்கூடாதே என்று. பன்றித் தலை, கொக்கு, மணி, அன்னம், கார்டினல் தொப்பி. கார்டினல் தொப்பி! சபையின் மேலிடத்துத் தலைப்பாகையை விடுதிச் சுவரில் வரைந்தவனை எந்தச் சமூக நெறியும் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பெயரில் இன்றைக்கும் ஆற்றங்கரையில் ஒரு சந்து இருக்கிறது.

லண்டன் மேயரும் சளைத்தவரல்ல. மீன் வியாபாரி வில்லியம் வால்வொர்த்துக்கு அங்கே சொந்தமாக விடுதிகள் இருந்தன, ஃபிளாண்டர்ஸ் பெண்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார் என்கிறார் ஸ்டோ. 1381-ல் வாட் டைலர் தலைமையில் எழுந்த விவசாயிகள் அவற்றைச் சூறையாடினார்கள். சில நாளில் ஸ்மித்ஃபீல்டில் ராஜாவின் எதிரிலேயே டைலரை வாளால் வெட்டிச் சாய்த்தார் வால்வொர்த். ராஜவிசுவாசம் என்று சர் பட்டம் கொடுத்தார்கள். வாடகை நஷ்டத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும்வரை பிஷப்பின் விதிப்படி நடந்து, பிஷப்பின் கோர்ட்டில் அபராதம் கட்டிய அந்தப் பெண்கள் செத்தால், கிறிஸ்தவ அடக்கம் கிடையாது. கோவில் எல்லைக்கு வெளியே தனியாக ஒரு நிலம். பிணத்துக்கும் மண்டலம் பிரித்துவிட்டார்கள்.

1506-ல் ஏழாம் ஹென்றி விடுதிகளை மூடினார். கொஞ்ச காலத்தில் திரும்பத் திறந்தன, பதினெட்டு இருந்த இடத்தில் பன்னிரண்டு. 1546-ல் அவர் மகன் எட்டாம் ஹென்றி எக்காளம் ஊதி நிரந்தரமாக மூடினார். நாட்டின் ஒழுக்கம் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆறாவது கல்யாணம் முடிந்து மூன்றாவது வருஷம் அது.

நிலம் சும்மா கிடக்குமா? லண்டன் நகரசபைக்கு அப்போது வேறொரு தலைவலி வந்திருந்தது: நாடகம். கூட்டம் கூடுகிறது, பிளேக் பரவுகிறது, பையன்கள் வேலைக்குப் போகாமல் ஓடிவிடுகிறார்கள். ஊருக்குள் கூடாது. எங்கே கூடும்? 1587-ல் ரோஸ், 1599-ல் குளோப், இரண்டும் அதே பிஷப் எல்லையில் எழுந்தன. ஷேக்ஸ்பியர் வந்து சேர்ந்த விலாசம் அது. பக்கத்திலேயே கரடியைக் கட்டிவைத்து நாயை ஏவிவிடும் வேடிக்கையும் நடந்தது. உயர்குடியினர் இரண்டையும் பார்த்துவிட்டுப் படகில் வீடு திரும்பினார்கள்.

1642-ல் பியூரிட்டன்கள் கை ஓங்கிய பாராளுமன்றம் நாடகத்தையும் நிறுத்தியது. உள்நாட்டுப் போரில் பிஷப் பதவியே போயிற்று. ஆற்றோரத்து அரண்மனையைப் பிடுங்கி, ராஜா கட்சிக்காரர்களை அடைத்துவைக்கும் ஜெயிலாக்கினார்கள். வாடகை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.